தண்ணீர் ஊற்றினேன் என்று சொன்னவர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் மாட்டுங்காவில் ரயில் பாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் கார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். குடியிருப்பு தாராவியில். காலையில் நடந்து வந்து கொட்டகையைத் திறந்தால் இருட்டும்வரை வேலை இருக்கும். புதுக் கார்கள் வருவது நின்றுபோயிருந்தது. இருக்கிற பழைய வண்டிகளைத்தான் எல்லோரும் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோலுக்குக் கூப்பன், டயருக்குப் பெர்மிட். ரப்பர் சாமான் எதுவுமே கடைகளில் கிடைக்காது.

என்னிடம் வழக்கமாக வந்த வண்டிகளில் ஒன்று ஆறு சிலிண்டர் அமெரிக்கக் கார். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவருடையது. பாலக்காட்டுக்காரர், இரண்டு தெரு தள்ளி வீடு. அதிகம் பேசமாட்டார், மரியாதையான மனிதர். அவருடைய டிரைவர் எங்கள் பக்கத்து ஆள். தூத்துக்குடியை அடுத்த ஊர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஆண்டாப் ஹில்லில் மனைவியோடு ஓர் அறையில் இருந்தார். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அவரை எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் அற்பமானது. ஒருமுறை நான் வால்வுகளைச் சரிசெய்து கொடுத்தபோது, இன்னும் டக்டக்கென்று சத்தம் வருகிறதே என்று முதலாளியை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. மறுபடி திறந்து சரிசெய்து கொடுத்தேன். ஆனாலும் அது எனக்குள் கிடந்தது.

அந்த இன்ஷூரன்ஸ் அதிகாரியின் மனைவிக்கு நுரையீரலில் நோய். மலைக்காற்று பட்டால் தேறலாம் என்று டாக்டர் சொல்ல, பஞ்ச்கனிக்குக் கூட்டிப்போகப் பல மாதமாகக் கூப்பன்களைச் சேர்த்து வைத்திருந்தார். கோடை வெயில் கடுமையாக இருந்த ஒரு நாள் கிளம்பினார்கள். கண்டாலாவுக்கு ஏறும் மலைப்பாதையில் பாதித் தூரத்தில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. நிழல் இல்லை, பக்கத்தில் தண்ணீரும் இல்லை. அந்த அம்மாள் நாலு மணி நேரம் காருக்குள் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு ராணுவ லாரிக்காரர்கள் இரக்கப்பட்டு அவர்களை ஏற்றி, வண்டியையும் கயிறு கட்டி இழுத்து அடிவாரத்தில் விட்டார்கள். பஞ்ச்கனிப் பயணம் அத்தோடு போயிற்று.

இரண்டு நாள் கழித்துக் கார் என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அதிகாரி ஆபீஸுக்குப் போகாமல் கூடவே நின்றார். டிரைவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினால் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாவது, நாலாவது சிலிண்டர்களுக்கு நடுவே, ஹெட்டுக்கு அடியில் கசியாமல் இருக்கப் போடும் கேஸ்கட் தகடு கருகிப் பிளந்திருந்தது. ஹெட்டும் வளைந்துபோயிருந்தது. ரேடியேட்டரில் ஓட்டை ஏதாவது உண்டா என்று பார்த்தேன். ஓர் இடத்திலும் ஈரக்கசிவோ துருக்கறையோ இல்லை.

அதிகாரி கேட்டார்: "என்ன ஆச்சு, சொல்லு. ஏன் கொதிச்சுது?"

எனக்கு யோசிக்க அவகாசம் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாள் வைத்திருந்து பார்க்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒழுக்கு எதுவும் இல்ல சார். தண்ணி ஊத்தாம ஓட்டியிருக்கு" என்றேன்.

டிரைவர் ஓரடி முன்னால் வந்தார். "காலையில நான் ஊத்துனேன் அண்ணாச்சி. கழுத்து வரைக்கும் ஊத்துனேன். பன்வெல்லயும் நிறுத்திப் பாத்தேன், நிறையத்தான் இருந்துச்சு" என்றார்.

நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. குனிந்து போல்ட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அந்த மௌனமே போதுமானதாக இருந்தது. அதிகாரி சாவியை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அங்கேயே சொன்னார். பம்பாயில் டிரைவர் வேலைக்குப் போகிறவன் பழைய முதலாளியின் கடிதத்தைக் காட்டியாக வேண்டும். இவருக்குக் கிடைத்த கடிதத்தில், கவனக்குறைவால் இன்ஜினைப் பாழாக்கியவர் என்று எழுதியிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஹெட்டை லேத் கடையில் கொடுத்துச் சமமாகச் சீவி வாங்கினேன். புது கேஸ்கட் கிடைக்கவில்லை. சோர் பஜாரில் ஒரு பழைய செப்பு கேஸ்கட்டைத் தேடிப்பிடித்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி இளக்கிப் போட்டேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து தண்ணீர்ப் பம்புக்குப் போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றிக் கழுவியபோது, உள்ளேயிருந்து துருப்பிடித்த கம்பித் துணுக்குகள் கொட்டின. தரையில் தட்டி உதறிவிட்டு, அதே ஹோஸைத் திரும்ப மாட்டினேன். வேறு ஹோஸ் எங்கும் கிடைக்கவும் இல்லை, அது கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவும் இல்லை. மாட்டுங்காவைச் சுற்றி நாலு தெரு ஓட்டிப் பார்த்தேன். வண்டி குளிர்ந்தே இருந்தது.

மழை தொடங்கிய வாரத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். நோய் முற்றியிருந்தது என்றுதான் டாக்டர் சொன்னாராம். ஆனால் துக்கம் கேட்கப் போனவர்களிடமெல்லாம் அதிகாரி மலைப்பாதையில் காத்துக்கிடந்த நாலு மணி நேரத்தைப் பற்றியே பேசினார். அந்த டிரைவர் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தால் அவள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாள் என்றார். நானும் அங்கே ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மழை ஓய்ந்த பிறகு புது டிரைவர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். தானாவுக்குப் போகும் வழியில் மறுபடி கொதித்ததாம். தன் கையாலேயே தண்ணீர் ஊற்றியதாகச் சத்தியம் செய்தார். முதலில் ரேடியேட்டரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றி, அடைப்பு எடுத்தேன். பம்பைப் பிரித்துப் பார்த்தேன், விசிறி பெல்ட்டை இறுக்கினேன், இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்த்தேன். கொட்டகையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் ஒன்றும் ஆகாது. நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் பத்து மைலில் ஆவி கிளம்பும்.

மூன்றாவது தடவை கொதித்து வந்தபோது நானே வண்டியில் ஏறிக்கொண்டேன். செம்பூரைத் தாண்டி டிராம்பே பக்கம் அப்போது ஆள் நடமாட்டமில்லாத ரோடு. அங்கே புது டிரைவரை வேகமாக ஓட்டச் சொன்னேன். சொல்லிவைத்தாற்போல சூடு காட்டும் ஊசி ஏறியது. நிறுத்தி, பானெட்டைத் திறந்து, குனிந்து நின்றுகொண்டு, இன்ஜினை அணைக்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன்.

அப்போதுதான் கண்டேன். இன்ஜின் உறுமியதும் அந்தக் கீழ் ஹோஸ் பல்லில்லாத வாய்போல உள்ளே ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தால் மெதுவாக உப்பிப் பழையபடி ஆயிற்று. மறுபடி மிதிக்கச் சொன்னேன். மறுபடி ஒட்டியது.

விஷயம் இவ்வளவுதான். பம்பு வேகமாகச் சுற்றும்போது அந்த ஹோஸ் வழியே தண்ணீரை உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது ஹோஸ் மடங்கிவிடாமல் இருப்பதற்காகத்தான் உள்ளே சுருள்கம்பி வைத்திருப்பார்கள். இதில் அந்தக் கம்பி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. எண்ணெய் பட்டு ரப்பரும் இளகியிருந்தது. மேட்டில் அழுத்தி ஓட்டும்போது ஹோஸ் ஒட்டிக்கொள்ளும், இன்ஜினுக்குத் தண்ணீர் போகாது, உள்ளே கிடப்பது கொதித்து மேலே உள்ள சிறு குழாய் வழியாக முழுவதும் வெளியே கொட்டிவிடும். கடைசியில் ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பவனுக்கு அது வெறுமையாக இருக்கும், ஒழுக்கும் தெரியாது. உதிர்ந்த அந்தக் கம்பியை நானே என் கையால் தட்டிக் கொட்டியிருந்தேன்.

நசுங்கிய ராணுவ லாரி ஒன்றிலிருந்து கழற்றிய நல்ல ஹோஸ் ஒரு வாரத்தில் கிடைத்தது. அதை மாட்டிய பிறகு அந்தக் கார் கொதிக்கவே இல்லை.

பழைய ஹோஸை எடுத்துக்கொண்டு அதிகாரி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவர் தனியாக இருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஹோஸை அழுத்திக் காட்டினேன். அவர் தொட்டுப் பார்க்கவில்லை.

"நீதானே சொன்னே, தண்ணி விடாம ஓட்டியிருக்கான்னு?" என்றார்.

"ஆமா சார். தப்பாச் சொல்லிட்டேன்."

கோபப்பட்டு ரெண்டு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு. கடைசியில், "இத்தனை நாளா அவனைத்தான் மனசுக்குள்ள வைதுண்டிருந்தேன்" என்றார். திரும்ப அந்த டிரைவரை வைத்துக்கொள்ளும்படி கேட்டேன். அவன் முகத்தைப் பார்த்தால் அந்த மலைப்பாதைதான் நினைவுக்கு வரும், முடியாது என்றார். ஆனால் நான் வற்புறுத்தியதன் பேரில் புதிதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். முன்பு எழுதியது தவறான தகவலின் பேரில் எழுதப்பட்டது என்றும், இவர் பொறுப்பான டிரைவர் என்றும் அதில் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆண்டாப் ஹில்லுக்குப் போய் விசாரித்து அந்த அறையைக் கண்டுபிடித்தேன். ஐந்தாறு மாதத்தில் ஆள் உருமாறியிருந்தார். எங்கேயும் டிரைவர் வேலை கிடைக்காமல் துறைமுகத்தில் நிலக்கரி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கழுத்து மடிப்புகளில் கரி போகாமல் படிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். மனைவி உள்ளே அடுப்படியில் இருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஹோஸை வாங்கி, இரண்டு விரலால் அமுக்கினார். விட்டார். திரும்பவும் அமுக்கினார். டிரைவர் அல்லவா, பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் ஊத்துனேன்னு சொன்னம்லா அண்ணாச்சி" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க என்னத் திரும்பி ஒரு பார்வ பாத்திருந்தாக்கூடப் போதும்."

கடிதத்தை எடுத்து நீட்டினேன். அது இங்கிலீஷில் இருந்ததால் நானே தமிழில் சொன்னேன். அவர் அதை மடித்துப் பாயின்மேல் வைத்தார்.

அப்போது அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்து சுவரோரம் நின்றார். அழுதுகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பார்த்துப் பேசவில்லை, புருஷனைப் பார்த்துத்தான் பேசினார்.

"நானும் நம்பலியே. முந்துன ராத்திரி முழிச்சிட்டுக் காலையில அசதியில மறந்துருப்பீய, வெக்கத்துல மறைக்கீயன்னுல்லா நெனச்சேன். எத்தன தடவ உங்ககிட்ட அதையே சொல்லிக் காட்டுனேன்."

அவர் தலை நிமிரவில்லை. "சரி, விடு" என்றார்.

அவர் மனைவி அதைச் சொல்லும்வரை, அந்த மனிதருடைய வேலையை மட்டும்தான் கெடுத்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த அறைக்குள் ஐந்தாறு மாதம் அவர் எப்படி இருந்திருப்பார் என்பதை அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

எனக்குத் தெரிந்த இரண்டு கார்க்காரர்களிடம் சொல்லிவைப்பதாகச் சொன்னேன். வேண்டாம் என்றார். "வண்டியில எது கெட்டாலும் ஓட்டுறவந்தான் மொதல்ல மாட்டுவான். மூட்டையில அந்தத் தொல்லை இல்ல" என்றார். டீ போட்டுக் கொடுத்தார்கள். குடிக்காமல் வந்தால் தப்பாக நினைப்பார்கள் என்று குடித்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார். மன்னித்தேன் என்று அவரும் சொல்லவில்லை, மன்னியும் என்று நானும் கேட்கவில்லை. கேட்கத்தான் போயிருந்தேன், அங்கே வாய் வரவில்லை.

பிறகும் இரண்டு பேரிடம் அவருக்காகப் பேசினேன். ஒருவர் ஆளை அனுப்பச் சொன்னார். தை மாதம் பிறந்த பிறகு அதைச் சொல்ல ஆண்டாப் ஹில்லுக்குப் போனேன். அந்த அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. முன்பு இருந்தவர்கள் தீபாவளி கழிந்த மறுவாரமே காலி செய்துவிட்டார்கள் என்றும், புருஷன் ஒருபக்கமும் பெண்சாதி ஒருபக்கமுமாகப் போனதாகவும் பக்கத்து அறைக்கார அம்மாள் சொன்னார். அவள் அண்ணன் வந்து அவளைக் கூட்டிப்போனானாம். அவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களிடம் கேட்டேன். தாராவியில் அவர் ஊர்க்காரர்கள் இருந்த இடங்களிலும் ஒரு மாதம்போலக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.