தண்ணீர் வரும் நேரமும் ஷிஃப்ட் மாறும் வாரமும்

1. மிக்சர் மிஞ்சிய கூட்டம்

கவுன்சிலரானதும் நான் கூட்டிய முதல் குறைகேட்புக் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் என் கணவர். இன்னொருவர் பந்தல்காரர், கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை எடுத்துப்போக உட்கார்ந்திருந்தார். மூன்றாவதாக வந்த நாராயணப்பாவுக்குத்தான் உண்மையிலேயே ஒரு குறை இருந்தது. அவர் எங்கள் வார்டில் வாடகைக்கு விடும் வீட்டுக்காரர். குடியிருப்பவர்கள் தன் வாசலை மறித்துக் குடம் வைக்கிறார்கள் என்று தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் கோபப்பட்டு, தமிழில் மனு கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் மிக்சர்தான்.

புதிதாகத் தேர்வாகி வந்திருக்கும் தம்பி தங்கைகள் சிரித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கள் வார்டு ஓசூரில் மத்திகிரி பக்கம். பாதிக்கு மேல் லைன் வீடுகள். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஒற்றை அறைகள், வாசலில் பைக்குகள், கொடியில் கம்பெனி யூனிஃபார்ம். மதுரை, தேனி, விழுப்புரம், ஊத்தங்கரை என்று பல ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். நான் கூட்டம் வைத்தது திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் அவர்களில் பாதிப் பேர் மெஷின் முன்னால் நிற்பார்கள், பலர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குவார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. அதற்கு முன் நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஜெனரல் ஷிஃப்ட், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். எங்கள் வீட்டில் காலை என்றால் எல்லோருக்கும் காலைதான்.

"அவங்க வரலைன்னா நாம போலாம்" என்றார் கணவர். அவர் வாய் திறப்பதே அபூர்வம், அதனால் கேட்டுக்கொண்டேன்.

2. கம்பெனி பஸ் வரும் முனை

விடியற்காலையில் கம்பெனி பஸ் நிற்கும் முனைக்குப் பெரிய ஃபிளாஸ்க்கோடு போனோம். அவர் டீ ஊற்றினார், நான் குறை கேட்டேன். யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் டீயை வாங்கிக்கொண்டு நேராக என் கணவரிடம் பேச ஆரம்பித்தாள்.

"கவுன்சிலர் சார், எங்க தெருவுக்கு..."

"சார் டீ மாஸ்டர்மா. நான்தான் கவுன்சிலர்" என்றேன்.

அவள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "அப்ப உங்ககிட்டயே சொல்றேன்க்கா" என்று என் பக்கம் திரும்பினாள். பெயர் சிவகாமி. சொந்த ஊர் ஊத்தங்கரை பக்கம். போனுக்குப் பாகம் பொருத்தும் கம்பெனியில் வேலை. கணவர் முருகன் இன்னொரு கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்ட். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, யாழினி. இருவரும் வேலைக்குப் போனதும் அடுத்த தெருவிலிருக்கும் பால்வாடி ஆயா குழந்தையைப் பார்த்துக்கொள்வார்.

"குழாத்தண்ணி ஒரு நா விட்டு ஒரு நா காலைல ஒம்போது மணிக்கு வருதுக்கா. அந்நேரம் நானும் கம்பெனில, அவரும் கம்பெனில. அந்த ஊட்ல ஒரு கொடம், இந்த ஊட்ல ஒரு கொடம்னு கேட்டு வாங்கி ஓட்டறேன். தண்ணி இல்லாத ஊட்ல புள்ளைய வெச்சிக்கிட்டு எதுக்கு கஷ்டப்படுத்தறன்னு மாமியா சத்தம் போடறாங்க. மாசக் கடசில வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போறன்னுட்டாங்க."

"பாட்டி வீடுதானே, பத்திரமா இருக்காதா?"

"பத்திரமாத்தான் இருக்கும். போன வருசமும் ஊர்லதான் விட்டிருந்தோம். லீவு போட்டுட்டுப் பாக்கப் போனேன். யாரோ வந்திருக்காங்கன்னு பாட்டி முந்தானைக்குள்ள ஒளிஞ்சிக்கிச்சுக்கா."

இதைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டீச்சராக இருந்தபோது எத்தனையோ பிள்ளைகள் முதல் நாள் என்னைப் பார்த்து ஒளிந்திருக்கிறார்கள். பெற்றவளைப் பார்த்து ஒளிந்த பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை.

"நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவே?" என்றேன்.

"மூணு மணிக்கெல்லாம் வந்துருவேன்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். தண்ணீரை மூன்றரைக்கு மாற்றினால் தீர்ந்தது என்று நான் அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

3. மேஜை தட்டிய அன்று

மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் அந்தத் தெருவின் தண்ணீர் நேரத்தை மாற்ற வேண்டும் என்று எழுந்து நின்றேன். என் பக்கத்து நாற்காலி மூத்த உறுப்பினர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை.

"அந்தத் தெருவுல எத்தன ஓட்டும்மா இருக்கு? எல்லாம் அவனவன் ஊர்லதான வெச்சிருக்கான். எதுக்கு மெனக்கெடற?"

"ஓட்டு ஊர்ல இருக்கட்டும்ணே. தண்ணி இங்கதான குடிக்கிறாங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மேயர் நிமிர்ந்து பார்த்தார்.

குடிநீர்ப் பிரிவு உதவிப் பொறியாளரை நாங்கள் ஏ.இ. என்போம். அவர் என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் வாசலில் நின்ற என் கணவரைப் பார்த்துப் பதில் சொல்வார். அன்று மட்டும் என்னைப் பார்த்தே, "செஞ்சிரலாம் மேடம்" என்றார். உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். மண்டபத்தில் இருந்தவர்கள் கான்ட்ராக்டர்கள், கடைக்காரர்கள், வீட்டுக்காரர்கள், ஒரு டாக்டர், ஒரு முன்னாள் டீச்சர். அத்தனை பேரும் ஒருமனதாக ஒரு தப்பைச் செய்தோம்.

அந்த வாரமே தண்ணீர் மூன்றரைக்கு வந்தது. தெருக்காரர்கள் நன்றி தெரிவித்து ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் என் படம் சின்னதாகவும் கணவர் படம் பெரிதாகவும் இருந்தது. அதைக்கூட அன்று பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

4. திங்கட்கிழமை

அடுத்த திங்கட்கிழமை நாலு மணிக்கு அந்தத் தெருவுக்குள் போனேன். இரண்டு மாலையாவது விழும் என்று எதிர்பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பாதி அறைகள் பூட்டியிருந்தன. திறந்திருந்த வாசல்களில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. சிவகாமி வீட்டிலும் பூட்டு. போன் செய்தேன், கம்பெனிக்குள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், எடுக்கவில்லை. மறுநாள் காலையில்தான் பிடித்தேன்.

"ஞாயித்துக்கெழம ஷிஃப்ட் மாறிடுச்சுக்கா. இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். ஒரு மணிக்கே கெளம்பிருவேன்."

"மூணு மணிக்கு வந்துருவேன்னு சொன்னியே?"

"அது அந்த வாரம்க்கா."

வாரா வாரம் ஷிஃப்ட் மாறும் என்பது ஓசூரில் பால் பாக்கெட் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். ஓசூர் மன்றத்துக்குத் தெரியவில்லை. ஒன்பது மணிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த செகண்ட் ஷிஃப்ட்காரர்கள் எல்லோரும் இப்போது என் எதிரிகள். ஏ.இ.யிடம் ஓடினேன்.

"மேடம், இந்த வாரம் காலைல, அடுத்த வாரம் சாயந்திரம்னு எல்லாம் வால்வு தெறக்க முடியாது. அதே லைன்ல இன்னும் நெறைய தெரு இருக்கு" என்று கையைக் கூப்பிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

5. குழாய்க்கு ஒரு ரிலீவர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவிலேயே கூட்டம் போட்டேன். இந்த முறை எல்லோரும் வந்தார்கள், திட்டுவதற்கு. காலையிலேயே விடு என்று ஒரு கூட்டம், மாலையே இருக்கட்டும் என்று இன்னொரு கூட்டம். நடுவில் நாராயணப்பா தன் வாசல் குடப் பிரச்சினையை மூன்று மொழிகளிலும் மறுபடி ஆரம்பித்தார்.

கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருகிறவர் உங்கள் மெஷினில் வந்து நின்றால்தான் நீங்கள் இடத்தை விட்டு நகரலாம். அப்படி வருகிறவருக்கு ரிலீவர் என்று பெயர். தேனிக்காரத் தம்பி ஒருவர், தன் ரிலீவர் லேட்டாக வந்ததால் பஸ்ஸை விட்டு, தண்ணீரையும் விட்டேன் என்று புலம்பினார்.

"அப்ப கொழாய்க்கும் ஒரு ரிலீவரப் போடச் சொல்லுய்யா கவுன்சிலர" என்று பின்னாலிருந்து யாரோ கிண்டல் செய்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது சிவகாமி மட்டும் சிரிக்காமல் நின்றாள்.

"போட்டா என்ன? நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்னா எதிர் ரூம் பசங்க செகண்ட் ஷிஃப்ட். அவங்களுக்கு நான் புடிச்சி வெக்கறேன். எனக்கு அவங்க புடிச்சி வெக்கட்டும்."

அதற்குப் பிறகு என் வேலை சுலபமாகிவிட்டது. தண்ணீர் மூன்றரைக்கே இருக்கட்டும் என்று முடிவானது, எதிரெதிர் ஷிஃப்ட் அறைகள் ஜோடி சேர்ந்தன. ஒரு சிக்கல் வந்தது. ஆயுத பூஜைக்கு ஒரே கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி நீலக் குடம்தான் தெரு முழுக்க. யாருடையது எது என்று தெரியாது. பழைய ஐடி கார்டு கயிற்றைக் குடத்தின் கழுத்தில் கட்டச் சொன்னோம். நாராயணப்பாவைச் சமாதானப்படுத்த நான் தெலுங்கில் இறங்க வேண்டியிருந்தது. என் வீட்டு மொழி அதுதான், நன்றாகச் சண்டை போட வரும். கடைசியில் தன் வாசலில் ஒரு ஓரமாகக் குடங்கள் நிற்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

6. ஊத்தங்கரை அம்மாள்

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சரியாக மாசக் கடைசி வாரம், சிவகாமி மறுபடி செகண்ட் ஷிஃப்ட்டில் இருந்தபோது, எதிர் ரூம் பையன்கள் வேறு கம்பெனியில் வேலை கிடைத்து அறையைக் காலி செய்துவிட்டார்கள். காலையில் போன் செய்தாள்.

"இன்னிக்கு மாமியா வர்றாங்கக்கா. ட்ரம் காலியா கெடக்குது. அதப் பாத்தா புள்ளயத் தூக்கிட்டுத்தான் போவாங்க. நான் லீவு கேட்டும் தரல."

யாரையாவது ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிட்டு யோசித்தேன். எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு ஜோடி இருந்தது. மூன்றரை மணிக்கு நானே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாயடியில் போய் நின்றேன். கவுன்சிலர் குடம் தூக்குகிறார் என்று கேள்விப்பட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்றார், ஒருவர் சாக்கடை அடைப்பு என்றார். எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் பதில் சொல்லிக்கொண்டே தூக்கினேன்.

அறைக்குள் மாமியார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாழினியின் துணிகள் கட்டிவைத்த பை. ஆயா வீட்டில் விட்டிருந்த சாவியை வாங்கி, குழந்தையையும் அவரே கூட்டி வந்துவிட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யாரும்மா, தண்ணி ஊத்தற பொம்பளயா?"

"இந்த வாரத்துக்கு நான்தாம்மா."

"பாத்து ஊத்து. ஊடெல்லாம் சிந்துது பாரு. ட்ரம்மக் கழுவாம ஊத்தற, உங்க ஊட்ல இப்பிடித்தான் ஊத்துவியா?"

ட்ரம்மைக் கழுவினேன். மறுபடி குழாயடிக்குப் போனேன், வந்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ நடையில் அவரே எழுந்து வந்து குடத்தின் மறுபக்கம் பிடித்தார். ட்ரம் நிரம்பிய பிறகு மூடி போட்டு, மேலே தட்டிப் பார்த்தார். முருகன் வேலை முடிந்து ஆறு மணிக்கு உள்ளே வந்தபோது நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஐயோ, கவுன்சிலரம்மா, நீங்களா?" என்று முருகன் பதறினார்.

ஊத்தங்கரை அம்மாள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. துணிப் பையை அவிழ்த்து, யாழினியின் கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கொடியில் போட்டார்.

"கவுன்சிலரே வந்து தண்ணி ஊத்தற தெருவுல புள்ளய விட்டுட்டுப் போறதுக்கு எனக்கென்ன பயம். நான் காலைல மொத பஸ்ஸுக்குத் தனியாவே போறேன்டா."

சொல்ல வந்த பாடம் ஒன்றுதான். வார்டு மக்களுக்கு நேரம் குறிப்பதற்கு முன், அவர்கள் அந்த வாரம் எப்போது தூங்குகிறார்கள் என்று கேளுங்கள். அடுத்த வாரம் எப்போது தூங்குவார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மறுநாள் காலை ஊத்தங்கரை பஸ்ஸில் மாமியார் தனியாகத்தான் ஏறினார் என்று சிவகாமி போனில் சொன்னாள். தேர்தலில் ஜெயித்த அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. போனில் பின்னணியில் யாழினி "அம்மா, அம்மா" என்று ஏதோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது, அதனால் சிவகாமியால் சரியாகப் பேசக்கூட முடியவில்லை.