குழம்பை ருசி பார்க்காத ஒரு காலை

பாக் வாகிமினின், அதாவது வாகிமின் ஐயாவின், கை நரம்பைப் பற்றி எங்கள் ரத்த வங்கியில் பெருமையாகப் பேசுவோம். தடவித் தேட வேண்டாம். கயிறு மாதிரி எழுந்து நிற்கும். சோலோ நகரச் சந்தைக்குப் பின்னால் ஆட்டுக்கறிக் குழம்புக் கடை வைத்திருக்கிறார். பதினேழு வருடத்துக்கு முன் எங்கள் அலுவலகத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், பாத்திரம் காலியாகும்வரை சும்மா உட்கார்வானேன் என்று ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்படித் தொடங்கிய பழக்கம்.

மூன்று வருடத்துக்கு முன் நான் வேலைக்குச் சேர்ந்தேன். வோனோகிரி பக்கத்து எங்கள் கிராமத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான்தான். வாகிமினுக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் மற்றவர்களைவிட அதிகம் என்று சோதனையில் தெரிந்ததும், இனி முழு ரத்தம் வேண்டாம், இயந்திரத்தில் தட்டணு மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். ரத்தம் கையிலிருந்து இயந்திரத்துக்குள் போய்ச் சுழலும், தட்டணு தனியாகப் பையில் சேரும், மிச்சம் உடம்புக்கே திரும்பும், சிவப்பணு திரும்பிவிடுவதால் இரண்டே வாரத்தில் மறுபடி கொடுக்கலாம் என்று படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கறியை மட்டும் எடுத்துக்கிட்டு குழம்பைத் திரும்பச் சட்டியிலயே ஊத்திருவீங்க. அதானே தம்பி?"

நான் நான்கு வருடம் படித்தது அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுப்பார். இயந்திரத்தில் சேர்க்கும் மருந்தால் உதடு குறுகுறுத்தால் சுண்ணாம்புச்சத்து மாத்திரையை மிட்டாய் போலச் சப்பிக்கொள்வார்.

இந்த வருட நோன்புப் பெருநாள் முடிந்த நான்காம் நாள் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ராஹாயு என்று ஒரு பெண், பாத்திக் துணியில் மெழுகால் சித்திரம் வரைகிறவள், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறாள். ஈறில் ரத்தம் நிற்கவில்லை. பலருடைய ரத்தம் ஏறிய உடம்பு அது; யாருடைய தட்டணுவும் தங்குவதில்லை. போன தடவை தங்கியது வாகிமினுடையதுதான். உடனே அவரைக் கூப்பிட்டு, மறுநாள் காலை வரச் சொன்னேன். அதுவரை கறி, தேங்காய்ப்பால், எண்ணெய்ப் பலகாரம் எதுவும் ஆகாது. சோறு, கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர்.

மறுநாள் எட்டு மணிக்கு மனைவி துமினியோடு வந்தார். மாதிரி எடுத்துச் சுழற்றினேன். மேலே தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய நீர், வெள்ளையாக நின்றது. பெருநாள் வாரத்தில் பாதிக் குழாய் இப்படித்தான் இருக்கும். ஆனால் இவருடையதா? இத்தனை கொழுப்போடு எடுத்தால் பை வீண். குழாயைக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. ரெண்டு வேளையும் சோறும் கீரையும்தான் என்றார்.

"விடியக்காலையில நாலு சட்டியிலயும் கரண்டி விட்டது யாராம்?" என்றாள் துமினி.

"அது ருசி பாக்குறது."

"சட்டிக்கு மூணு கரண்டி."

அவர் என் பக்கம் திரும்பினார். "ருசி பாத்தா சாப்பிட்டதா ஆகுமா தம்பி?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. நோன்பு மாதம் முழுக்க நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிடுவார். நோன்புதான் முடிந்ததே என்று இப்போது விழுங்கியிருக்கிறார். ஆகும் என்றேன். மருத்துவரிடம் பேசினோம். வேறு ஒருவருடைய பையை ஏற்றி ஒரு நாள் சமாளிக்கலாம், அதற்கு மேல் பயம் என்றார்.

அதனால் மறுநாள் எட்டு மணிக்கு, ஒரு கரண்டிகூட ருசி பார்க்காமல் வரச் சொன்னேன். கடையை மூடவும் முடியாது. ஊருக்கு வந்திருந்த ஒரு குடும்பம் விருந்துக்கு இரண்டு சட்டி சொல்லிவைத்திருந்தது. இருபத்தாறு வருடமாக அந்தச் சட்டிகளில் வேறு யாரும் கரண்டி விட்டதில்லை. துமினிக்கு வெங்காயம் உரிக்கவும் இலை துடைக்கவும்தான் அனுமதி. வாகிமின் அவளிடம், "நாளைக்கு ருசியை நீயே பாத்துக்க" என்றார்.

எட்டு மணிக்கு வர வேண்டியவர் மறுநாள் ஆறு மணிக்கே வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல இருந்தா வாசம் வருது. கை தன்னால போகுது."

குழாயில் நீர் தெளிந்திருந்தது. படுக்க வைத்தோம். பை மெல்ல மஞ்சளாக நிறைந்தது. எழுந்து சட்டையை மாட்டும்போது சொன்னார்: "யாருக்குன்னு கேக்க மாட்டேன். ரத்தம் நின்னுச்சான்னு மட்டும் சொல்லு."

மாலை ஐந்து மணிக்குத் தகவல் வந்தது. போனில் சொல்ல மனம் வரவில்லை, கடைக்கே போனேன். மூன்று சட்டி காலியாகியிருந்தது. நான்காவதின் அடியில் கிடந்ததைக் கரண்டியில் எடுத்து வாயில் வைத்திருந்தார். துமினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுருச்சு, பாக்" என்றேன்.

தலையாட்டினார். கரண்டியைக் கழுவி, வழக்கமான ஆணியில் மாட்டாமல் துமினியிடம் நீட்டினார்.

"அடுத்த தடவை கிராம்பைக் குறைச்சுப் போடு."