மூச்சுக்காரர்

என் புருஷனை வேலையிடத்தில் எல்லாரும் மூச்சுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சாக்கடைக் குழிக்குள் இறங்குகிற வேலை. மேலே நின்று கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு இழுப்பு இழுப்பார். அந்த ஒரு மூச்சிலேயே இறங்கி, அடைப்பைக் குத்திவிட்டு, ஏறி வந்துவிடுவார். உள்ளே மூச்சை விட்டு இழுத்தால் விஷவாயு ஆளை முடித்துவிடும். எங்கள் ஆட்களைத் தவிர இந்த வேலைக்கு யார் வருகிறார்கள், சொல்லுங்கள். மெஷின் வரும், மெஷின் வரும் என்று சொல்லியே மேஸ்திரிக்குத் தலை நரைத்துவிட்டது.

வீட்டில் அவர் சரியான வாயாடி. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனால், "வா, வா, நமக்கு ரெண்டு சீட்டு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து போனவனை நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். "விடு, அவனுக்கு நிக்கணும்னு வேண்டுதல்" என்று என்னை இழுத்து உட்காரவைப்பார்.

வேறு வேலை கிடைக்காத என் தம்பியை இதில் சேர்த்துவிட்டதும் அவர்தான். மாமா, மாமா என்று அவர் வாலைப் பிடித்துக்கொண்டே அலைவான். போன மழைக்காலத்தில் ஒருநாள் குழிக்குள் இறங்கியவன் பிணமாகத்தான் வெளியே வந்தான். அப்போது மேலே நின்றது என் புருஷன் மட்டும்.

அன்றிலிருந்து அவர் பேசவில்லை. அழவும் இல்லை. என் அம்மா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒருநாள் காலையில் ஆளைக் காணோமென்று தேடிப் போனால், மூடி திறந்த ஒரு குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். வேலை உடுப்புகூட இல்லை. தம்பியைக் கொடுத்தாயிற்று, இவரையும் கொடுக்க நான் தயாராக இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

அங்கே மனநல ஆலோசகர் ஒரு சின்ன வயசுப் பெண். நல்ல மாதிரிதான். கதவைச் சாத்தி, விளக்கைக் குறைத்து, அவரை மெத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவர் நுனியில் உட்கார்ந்தார். எங்கே அழுக்கு ஒட்டிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

"கண்ணை மூடிக்கங்க. நல்லா ஆழமா மூச்சை இழுங்க. அப்படியே பிடிச்சு வைங்க."

அவர் இழுத்தார். முகம் வெளுத்துப் போனது. மறு நொடி நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டார். அடுத்த வாரமும் இதே கதை. மூன்றாவது வாரம், "அவர் ஒத்துழைக்க மாட்டேங்கிறாருக்கா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்.

"மேடம், குழியில இறங்குறதுக்கு முன்னாடி என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? கண்ணை மூடி, மூச்சை இழுத்து, பிடிச்சு வைப்பாங்க. எங்க வீட்டு மனுஷனை நீங்க வாராவாரம் குழிக்குள்ள இறக்கி விடுறீங்க. எந்தக் குழின்னு நான் சொல்லணுமா?"

சாக்குச் சொல்வாள், திரும்பக் கொடுக்கலாம் என்று நானும் தயாராக நின்றேன். "எனக்குத் தெரியலக்கா. கேட்டிருக்கணும், கேக்கல" என்றாள். சண்டைக்கு நின்றவளிடம் இப்படிச் சொன்னால் நான் என்னதான் செய்வது?

பிறகு அவள் அறைக்குள் கூப்பிடவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் மோட்டார் அறையை ஒட்டி வெட்டவெளி. அங்கே இரண்டு பேரும் மதில்மேல் சாய்ந்து நிற்பார்கள். நான் தள்ளி நிற்பேன். முதலில் மேஸ்திரியைப் பற்றிப் பேச்சு. அப்புறம் எந்த சோப்புக்கு நாற்றம் போகும், எதற்குப் போகாது என்று. இதற்கா படித்துவிட்டு வந்தாள் என்று நினைத்தேன். ஆனால் அவருக்கு வாய் திறந்திருந்தது. ராத்திரி கொஞ்சம் கண் அசந்தார்.

ஒருநாள் அவள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். "அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். நானும் கூட இருக்கணும்னு சொல்றார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவன் உள்ளேயிருந்து மாமான்னு கூப்பிட்டான். நான் இறங்கினேன். பாதி தூரம் போனேன். கைக்கு அவன் முடி தட்டுப்பட்டுச்சு. மூச்சு தீர்ந்துபோச்சு. நான் ஏறி வந்துட்டேன். மறுபடி இறங்க கால் வரல. அவனை விட்டுட்டு வந்துட்டேன்."

பொய் சொல்ல மாட்டேன். முடி தட்டுப்பட்டது என்றதும் என் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இன்னும் ஒரு எட்டு எட்டியிருக்கக் கூடாதா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ஆனால் அவர் தலையைக் குனிந்துகொண்டு அதே கேள்விக்காகத்தான் காத்து நின்றார். இத்தனை மாதமாக அதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நல்லவேளை ஏறி வந்தீங்க" என்றேன். "இல்லேன்னா ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்திருப்பாங்க. நான் யாரோட சண்டை போடுறது?"

அவர் அப்படியே மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். தம்பியைப் புதைத்த அன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆலோசகர் பெண் அழாதீங்க என்று சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

வெகுநேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அத்தைகிட்ட யார் சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும். நான் கூட வரேன்" என்றேன்.