பாவுதளம்

எங்கள் சமுதாயக் கல்லூரியில் கட்டட வேலை நடந்த அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது தூக்கம்தான். மதிய வகுப்பில் நான் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். வெளியே கலவை இயந்திரம் ஒரே சீராக உருண்டுகொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் மாணவர்களுக்குக் கண் சொருகும், எனக்கும் சொருகும். சன்னல் வழியாக வரும் சிமெண்டுத் தூசி வெயிலில் மிதந்து மிதந்து மேசைமேல், தண்ணீர்ப் பாட்டில்மேல், எல்லோருடைய புருவத்தின்மேலும் இறங்கும். யாரும் துடைக்க மாட்டோம். எல்லோருக்கும் ஒரே மதியத்தில் வயசாகிவிட்ட மாதிரி உட்கார்ந்திருப்போம்.

நான் எடுத்த பாடத்துக்குப் பெயர் வாழ்வியல் திறன். சிரிக்காதீர்கள். விடிவதற்குள் தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, தறி வேலைக்கும் ஒரு கை கொடுத்துவிட்டு ஓடி வரும் பெண்களுக்கு, நேரத்தை எப்படி நிர்வகிப்பது என்று நான் சொல்லித்தர வேண்டும். எனக்கே கொழுப்பாகத்தான் தோன்றும். பாதி நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, சன்னலுக்கு வெளியே எழும்பும் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாடி இன்னும் வராத படிக்கட்டு ஒன்று ஆகாயத்தைப் பார்த்து ஏறிப் பாதியில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம்.

முதல்வருக்குத் தமிழ்ப் பைத்தியம். நல்ல பைத்தியம்தான், ஆனாலும் பைத்தியம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். யாராவது கான்கிரீட் என்று சொன்னால் பல்வலி வந்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். புதுக் கட்டடம், பெண்களுக்குக் கழிவறை, குடிநீர்த் தொட்டி, வாசலிலிருந்து புதுக் கட்டடம்வரை சிமெண்டுக் கல் பதித்த நீளப் பாதை என்று வேலைகள் தொடங்கியதும், ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே ஒரு பலகை எழுதி நட்டார். கற்காரை கலக்குமிடம் இது, மின்னாக்கி அறை அது. கொத்தனார்கள் அந்தப் பலகைகளில் சட்டையை மாட்டிவைத்தார்கள். வாசலில் இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. ‘பாவுதளம் அமைக்கும் பணி நடைபெறுகிறது. விரைவில் பயன்பாட்டுக்கு வரும்.’

கல்லைப் பரப்பிப் பதிப்பதைப் பாவுதல் என்பது நல்ல பழைய தமிழ். ஆனால் ஊரில் எவர் அப்படிச் சொல்கிறார்? பேவர் பிளாக் என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். போகட்டும் என்றால், கல்லூரி இருப்பதோ நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தை ஒட்டி. அங்கே பாவு என்றால் ஒன்றே ஒன்றுதான். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளைப் பிணைத்து, வெயில் ஏறுவதற்குள் உலர்த்திச் சுருட்டுவார்கள். வீட்டில் இருக்கிற எல்லாக் கையும் அதற்கு வேண்டும். அந்த நேரத்தில் அந்தத் தெருக்களில் வண்டி போகாது. நாய்கூட ஓரமாகத்தான் போகும்.

நான் திருப்பருத்திக்குன்றத்துக்காரி. விவசாயக் குடும்பம். நெல் தெரியும், நூல் தெரியாது. ஆனாலும் பாவு தெரியாமல் இந்த ஊரில் வளர முடியுமா? தெரியும். தினமும் ஸ்கூட்டியில் அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போனேன். இரண்டு சொல்லும் என் மண்டைக்குள் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளவில்லை.

சந்திக்க வைத்தவள் என் மாணவி ஒருத்தி. முப்பதைத் தாண்டியவள். வீட்டு மின்கம்பி வேலைப் படிப்பில் சேர்ந்த ஒரே பெண். புருஷனுக்கு ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் மாமனாரும் மாமியாரும் பட்டுத் தறி ஓட்டுகிறார்கள். அவள் காதோரக் கொண்டையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு ஏணியில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும். புதுக் கட்டடத்தின் மின்கம்பி வேலையை அவளுடைய வகுப்புக்கே கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு ஓர் அறை. கடைசியில் வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அவர் முன்னால் இணைப்பைக் கொடுத்து விளக்கை எரியவைத்தால் சான்றிதழ். எரியவைக்கிற அன்று ஆள் இல்லாவிட்டால் அறையும் இல்லை, சான்றிதழும் இல்லை.

அவளுக்கு மாமனாரால்தான் கண்டம். குழாய் பதிக்க அவர்களுடைய தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பாவு போட இடமில்லை. பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கோ ஏரிக்கரைப் பக்கம் போய் நீட்டிவிட்டு வர, பொழுது உச்சிக்கு ஏறிவிடும். மருமகளும் கூடப் போனால்தான் முடியும். “ஒயர் இழுக்கப் போறியா, நூல் இழுக்க வரியா, ரெண்டுல ஒண்ணு சொல்லு” என்று மாமனார் கேட்டுவிட்டாராம். அடுத்த மாதத்தோடு படிப்பை நிறுத்துவதாக இருந்தது.

அப்புறம் திடீரென்று அவள் முகம் தெளிந்துவிட்டது. ஒரு மதியம், கலவை இயந்திரத்தின் தாலாட்டில் வகுப்பே ஆடிக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மிஸ், பாவுதளம் எப்ப தொறப்பாங்க? எங்க மாமா டெய்லி கேட்டுக்கினே இருக்காரு.”

“அவருக்கு எதுக்கும்மா அது?”

“இன்னா மிஸ் இப்டி கேக்குறீங்க? பாவு போடத்தான். போர்ட பாத்துட்டு நான்தான் வீட்ல போய் சொன்னேன். காலேஜ்லயே எங்களுக்கு எடம் கட்றாங்கன்னு. மாமா அப்டியே குளுந்துட்டாரு. இனிமே பாவு போட்டுட்டு அப்டியே கிளாசுக்குப் போயிடும்மான்னு சொல்லிட்டாரு.”

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஐயோ பெண்ணே என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னேன். அது நடக்கிற பாதை, ஓரத்தில் வண்டி நிறுத்துகிற இடம், வெறும் பேவர் பிளாக் என்று. அவள் இமைமேல் தூசி இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மிஸ்,” என்றாள். “தெரிஞ்சா என்ன பொய்க்காரின்னு நெனைப்பாங்க. அப்புறம் காலேஜ் கேட்டாண்டகூட வுட மாட்டாங்க. பரிட்சை முடியற வரிக்கும் அந்தத் தளம் முடியாம இருந்தா போதும் மிஸ்.”

அது ஒன்றும் பெரிய ஆசை இல்லை. நம் நாட்டில் கட்டட வேலை தாமதமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டால் எந்தச் சாமியும் உடனே வரம் கொடுத்துவிடும். கழிவறைக்குக் கதவு வரவே ஒரு யுகம் ஆனது. குடிநீர்த் தொட்டி வந்து, குழாய் வராமல், குருவி குடியேறிவிட்டது. ஆனால் அந்தப் பாதை மேஸ்திரி மட்டும் எங்கிருந்து வந்தாரோ! சொன்ன நேரத்துக்கு வந்தார், சொன்ன வேலையைச் செய்தார். கயிறு கட்டி, மண் பரப்பி, சாம்பலும் செங்கல் நிறமுமாகக் கற்களை அடுக்கிக்கொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இன்னா மேஸ்திரி, டீ கீ குடிக்க மாட்டீங்களா?” என்று கேட்டேன். “நமக்கு வேலதான் மேடம் முக்கியம்” என்றார். நாலு நல்ல மனிதர்கள் இருந்தால் அவர்களும் இப்படித்தான் நேரம் பார்த்து வருவார்கள்.

தேர்வு நாள் காலையில் நான் சீக்கிரமே கிளம்பினேன். மார்கழி போய்விட்டிருந்தும் பனி மட்டும் போக மனசில்லாமல் நின்றது. வயல்களும் வீடுகளும் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியவில்லை. வண்டியின் சத்தம்கூட எனக்குப் பின்னால் எங்கிருந்தோ வந்தது. கல்லூரி வாசலில் திரும்பினேன். திரும்பியவள் அப்படியே காலை ஊன்றி நின்றுவிட்டேன்.

புதுப் பாதை முழுக்க ஒரு நிறம் மிதந்துகொண்டிருந்தது. அரக்கா, மாம்பழமா என்று பனிக்குள் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இடுப்பு உயரத்தில், வாசலில் தொடங்கி, பாதியில் நின்ற என் படிக்கட்டின் காலடிவரை பட்டுப் பாவு நீண்டிருந்தது. குறுக்கே கட்டிய கழிகள் அதைத் தாங்கி நின்றன. இரண்டு பக்கமும் ஆட்கள் சத்தமில்லாமல் நடந்து நடந்து இழையைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தக் கால் எந்த ஆளுடையது என்று தெரியாத பனி. கஞ்சி வாசனை. ஏதோ கோயில் மணி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்? கட்டடம் கட்டுகிற இடத்தில் அவ்வளவு அழகு வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வாழ்நாள் முழுக்க அங்கேயே நின்றுவிடலாம் என்று இருந்தது.

அப்புறம்தான் அவளைப் பார்த்தேன். பாவின் நடுவில், கஞ்சிக் கிண்ணத்தோடு, கொண்டையில் டெஸ்டர்.

“யாருப்பா உள்ள வுட்டது?” என்று காவலாளியிடம் பாய்ந்தேன்.

“போர்டுல போட்டிருக்குதே மேடம்,” என்றார் அவர். அவரும் பிள்ளையார்பாளையம்தான்.

அவளிடம் போனேன். “மாமா நேத்தே வந்து பாத்துட்டாரு மிஸ், தளம் முடிஞ்சிட்டுதுன்னு. இன்னிக்கே போட்றலாம்னுட்டாரு. பரிட்சைன்னு சொல்ல வாய் வரல. பரிட்சை தொடங்கறதுக்குள்ள அறுந்தத பிணைச்சிட்டு ஓடிடலாம்னு பாத்தேன்.” அவள் விரல்கள் பேச்சினூடே இழையைப் பிணைத்துக்கொண்டேயிருந்தன. உள்ளே தேர்வாளரின் கார் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி ஒரு வண்டி கல்தூசியோடு வந்து சேர்ந்தார். கற்களின் இடுக்கில் தூவிப் பெருக்க வேண்டுமாம். ஈரப் பாவு பக்கத்தில் தூசி பறந்தால் அதில் நெய்ய வேண்டிய மூன்று புடவையும் போச்சு. அவருக்குப் பின்னாலேயே முதல்வரும் நடந்து வந்தார்.

“இது என்ன?” என்றார் முதல்வர்.

அவளுடைய மாமனார் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். உயரமான, ஒட்டிய மனிதர். பெரிய கும்பிடு போட்டார். “எங்க தெருவ தோண்டிப் போட்டு நாங்க அல்லாடிக்கினு இருந்தோம் சார். எங்களையும் நெனச்சி எடம் கட்டிக் குடுத்தீங்களே, நல்லா இருக்கணும் சார் நீங்க.”

முதல்வர் விழித்தார். மேஸ்திரிதான் சிரித்துவிட்டார். “பெரியவரே, இது வண்டி வர்றதுக்குப் போட்டது. பாவுக்கு எவன் கல்லு பதிப்பான்? யார் சொன்னாங்க உங்களாண்ட?”

எல்லாக் கைகளும் நின்றன. மாமனார் திரும்பி மருமகளைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் கும்பிட்ட கையைக் கீழே போடத் தெரியாமல் நின்ற மனிதரின் பார்வை அது.

“வாம்மா,” என்றார். “அந்தப் போர்ட படி.”

அவருக்குப் படிக்கத் தெரியாது. அவள் பலகைக்குக் கீழே போய் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். “பா… வு… தளம்.”

“இது யார் எழுத்து சார்?”

“என்னுடையதுதான்,” என்றார் முதல்வர்.

“பாவுன்னா இன்னா சார்?”

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். பாவுதல் என்றால் பரப்புதல், நீட்டிப் படரவிடுதல். கல்லைப் பரப்பினாலும் பாவுதல்தான். நூலை நீட்டிப் பரப்புவதால்தான் அதற்கும் பாவு என்று… அங்கே நிறுத்திவிட்டார். பனிக்குள் நீண்டு கிடந்த பட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அவருடைய பல்வலி முகம் மெல்ல மலர்ந்து, குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. “இரண்டும் ஒரே சொல்தான் ஐயா,” என்றார்.

“அப்ப எங்க பொண்ணு தப்பா படிக்கல,” என்றார் மாமனார்.

மருமகள் என்று சொல்லவில்லை. அவள் அதைக் கேட்டாளா என்று பார்த்தேன். கேட்டுவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “அவளுக்கு இன்னிக்குப் பரிட்சை ஐயா!” என்று கத்தியே விட்டேன். “உள்ள ஆள் வந்து ஒக்காந்திருக்காரு. உங்களாண்ட சொல்றதுக்குப் பயந்துக்கினு இங்க நின்னுக்கினு இருக்கா. இப்ப போவலன்னா இவ்ளோ நாள் படிச்சது மண்ணு!”

மேஸ்திரி கல்தூசி வண்டியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். மாமனார் பாவின் நீளத்தை ஒரு தடவை பார்த்தார். அந்த முனையில் அவர் மனைவி, இந்த முனையில் வயசான இரண்டு அக்கம்பக்கத்துக்காரர்கள். அறுந்த இழைகள் இன்னும் நிறைய இருந்தன, வெயிலும் வரப்போகிறது. அவளுடைய கை இல்லாமல் முடியாது என்று நூல் தெரியாத எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாதா?

அவர் மருமகளிடம் போய் அவள் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

“போம்மா,” என்றார். “கைய நல்லா கழுவி, தொடச்சிட்டுப் போ. ஈரக் கையோட கரண்டத் தொட்டுத் தொலைக்காத.”