ஏழாவது கட்டம்

சோதனையில் இருக்கும் மருந்தை வாய்க்குள் வைப்பதற்கு முன் நோயாளி படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. நல்ல விதி. அரசு அலுவலக வேலையில் இருந்த காலமெல்லாம் காலிக் கட்டத்துக்காக விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிய எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி. என் மனைவிக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிய குழி ஆறவில்லை. சர்க்கரையும் பிரஷரும் உள்ளவள். இப்படியே விட்டால் தாடை எலும்பைச் சுரண்ட வேண்டிவரும் என்றார் ஆர்.எஸ்.புரத்துப் பல் டாக்டரம்மா. அவர் பாடம் எடுக்கும் கல்லூரியில் ஒரு ஜெல்லைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் செய்தது. குழியில் வைத்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, கிருமியை அண்டவிடாமல், சதை வளர இடம் கொடுக்குமாம்.

படிவத்தின் ஏழாவது கட்டம்: 'இறால் சாப்பிட்டால் ஒத்துக்கொள்கிறதா? ஆம் / இல்லை.'

என் மனைவி அவிநாசிப் பக்கத்துச் சைவக் குடும்பம். இறாலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. டாக்டரம்மா அவள் முன்கையில் ஜெல்லைத் தடவிப் பார்த்தார்; ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கட்டம் தோலைப் பற்றிக் கேட்கவில்லையே. 'இல்லை' என்று எழுதினால் ஜெல் கிடைக்காது. பொய்யாக 'ஆம்' எழுதி, தொண்டை வீங்கிவிட்டால்? விளக்கம் கேட்டு, சோதனையை நடத்தும் கல்லூரிக் குழுவுக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். கிடைத்ததற்கான அட்டை மட்டும் வந்தது.

தினமும் காலையில் டார்ச் அடித்துக் குழியைப் பார்ப்பேன். வாடை கூடியிருக்கும். தாடைக்கடியில் தொட்டால் சுடும்.

"ஏனுங்க, காயிதம் வந்துச்சுங்களா?"

"வரும்."

"ஆபீசுக்கு வந்தவீங்களுக்கும் இப்படித்தான் சொன்னீங்களா?"

நான் டார்ச்சை அணைத்தேன். அவளே சொன்னாள்: "பக்கத்தூட்டு அக்காகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க. நாளைக்கு எறா ஆக்கறாங்க."

"தொண்டை அடைச்சுட்டா என்ன பண்ணுவே?"

"தாடையைச் சொரண்டறதுக்கு இது தேவலைங்க. உங்களுக்குக் கட்டம் நெறையோணும், அவ்வளவுதானுங்களே."

டாக்டரம்மாவிடம் ஓடினேன். வீட்டில் வேண்டாம், இங்கேயே சாப்பிடட்டும் என்றார். மறுநாள் பல் பிடுங்கும் நாற்காலியில் என் மனைவி. ஒவ்வாமை வந்தால் போட ஊசியை ஏற்றி வைத்துக்கொண்டு டாக்டரம்மா. எவர்சில்வர் டப்பாவோடு பக்கத்து வீட்டு அக்கா. மூன்று தலைமுறையாகக் கோட்டைமேட்டில் இருந்துவிட்டு எங்கள் தெருவுக்குக் குடிவந்த முஸ்லிம் குடும்பம் அவர்களுடையது.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு இறாலை நல்ல பக்கத்தில் மென்றாள்.

"எப்படி இருக்குது கண்ணு?" என்றார் அக்கா.

"உப்புக் கம்மிங்க."

"உனக்குப் பிரஷர்னு நாந்தான் கொறைச்சுப் போட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவள் உதட்டையும் கழுத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருமுறை செருமினாள். எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. மசாலா காரமாம். வெகுநேரம் காத்திருந்தோம். எதுவும் வீங்கவில்லை. கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினேன். நுங்குபோல் வழவழத்த ஜெல் அன்றே குழிக்குள் போனது.

வாடை முதலில் போனது. பிறகு டார்ச் வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாய்ச் சதை தெரிந்தது. அப்போதும் நான் தபால்காரரை எதிர்பார்ப்பதை விடவில்லை.

'ஏழாவது கட்டம் பொருந்தாதெனில் கோடிட்டு விடலாம்.' குழுவின் அந்தப் பதிலை நான் வாசித்தபோது, அவள் ஆறிய பக்கத்தில் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள். அன்று தீபாவளிக்கு மறுநாள்.