குக்கர் விசிலுக்கு அடுத்த பத்தி

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையின் சுவர்க்கடிகாரத்தை வடக்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு மாற்றுவது என்ற முடிவு, பல வாரக் கருத்து வேறுபாடுகளுக்குப் பிறகு, ஒரு திங்கட்கிழமை பிற்பகல் ஒருமனதாக நிறைவேறியது. துணை முதல்வர் நேரில் வந்து இரண்டு சுவர்களையும் பார்வையிட்டார். எதிர்த்துக் கை தூக்கியிருக்கக்கூடிய ஒரே ஆள் பொருளியல் துறையின் மைதிலி. அவர் அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கே.கே. நகரில் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். ஆணி அடிக்க வந்தவர் ஏணியில் ஏறி நின்றபோது பொருளியல் துறைத்தலைவரின் போன் அடித்தது. அவர் கேட்டுவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, "மைதிலி போயிட்டாங்களாம்" என்றார்.

எங்கே என்று கேட்டேன்.

சாப்பிட்டு முடித்து நாற்காலியில் உட்கார்ந்து தங்கையிடம் மோர் கேட்டிருக்கிறார். தங்கை மோரோடு திரும்பியபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் அறையில் மாத்திரை டப்பா இல்லாமல் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிறவர் அவர் ஒருவர்தான். முறைப்படி பார்த்தால் அவருக்கு முன்னால் வரிசையில் நாங்கள் பலர் இருந்தோம், நான் உட்பட. அன்று காலையில்கூட ஒரு பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து, "நீங்க தமிழ்த்துறைதானே, இந்த வாக்கியத்துல எழுவாய் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்கோ" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பார்வையற்ற மாணவர்களுக்காக அவர் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பினார் என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். அது எப்படித் தொடங்கியது என்பது சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். ஒரு நாள் கரும்பலகையில் ஏதோ கோடு வரைந்துவிட்டு, "இதைப் பார்த்தாலே புரியும்" என்று சொல்லியிருக்கிறார். முன் பெஞ்சிலிருந்து ஜோதி, "எதை மேடம்?" என்று கேட்டிருக்கிறார். ஜோதிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. முப்பது வயதுக்கு மேல், மணப்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து முதுகலை படித்தவர். கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை, நிஜமாகவே எதை என்று கேட்டார். மைதிலி ஆசிரியர் அறைக்கு வந்து, டிபன் டப்பாவைத் திறக்காமல், வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை முதல் பதிவு போயிற்று.

ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுச் சமையலறையில் காலை நேரத்தில்தான் பதிவு நடக்கும். அடுப்பு ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம், மிளகாய்ப் பொடி டப்பாவில் சாய்த்து வைத்த போன். இதற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. அந்த நேரம்தான் அவருக்குக் கிடைத்தது. புத்தகத்தை உள்ளபடி வாசிப்பார், ஆனால் சும்மா வாசிக்க மாட்டார். "இந்த வாக்கியத்தை எழுதினவருக்கே இது புரிஞ்சிருக்காது, இருந்தாலும் வாசிக்கறேன்" என்பார். வரைபடம் வந்தால் நிறுத்தி விளக்குவார். விலை குறையக் குறைய வாங்குகிற அளவு கூடும் என்று காட்டுகிற தேவைக் கோட்டை, "அம்மா மண்டபம் படித்துறையை நினைச்சுக்கோங்கோ. இடது பக்கம் மேல நிக்கறேள், வலது பக்கமா இறங்கிண்டே போறேள். தண்ணிகிட்டப் போகப்போக விலை மலிவு" என்று சொல்லியிருந்தார்.

கல்லூரித் தேர்வில் ஜோதி சொல்லச்சொல்ல எழுதியவர் அதை அப்படியே எழுதிவிட்டார். தேவைக் கோடு அம்மா மண்டபம் படித்துறை போல இறங்கும். துறைத்தலைவர் அந்த வரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். மைதிலி விடைத்தாளோடு அவர் முன்னால் போய் நின்றார். பாடப்புத்தகத்தில் படித்துறை இல்லை என்றார் தலைவர். "இல்லைதான். கோடு எந்தப் பக்கம் இறங்கறதுன்னு அவ எழுதினது தப்பா சார்?" என்று மைதிலி கேட்டார். தலைவர் கையாலேயே காற்றில் ஒரு முறை வரைந்து பார்த்துவிட்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தார்.

இதற்குள் நிர்வாகத்துக்கு விஷயம் எட்டி, சமையலறைப் பதிவு கல்லூரியின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்று கருதப்பட்டது. குழு அமைத்தார்கள். பழைய ஆய்வக அறை ஒன்றின் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டி, ஒலிப்பதிவுக் கூடம் என்று பலகை மாட்டி, நாடா வெட்டினார்கள். அறிவிப்பாளர் ஒருவரை வரவழைத்து ஒரு புத்தகம் முழுவதையும் வாசிக்க வைத்தார்கள். தும்மல்கூட இல்லாத பதிவு. மாணவர்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டு, மைதிலியின் பதிவையே கேட்டார்கள்.

காரணத்தை ஜோதி எனக்கு விளக்கினார். பார்க்கிறவர்களுக்குப் பக்க எண் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு என்ன இருக்கிறது? பண வீக்கம் குக்கரின் மூன்றாவது விசிலுக்கு அடுத்த பத்தி. வரி விதிப்பு, கீரைக்காரி கூப்பிடுகிற இடம். முற்றுரிமை, மைதிலியின் கணவர் வரதராஜன் காபி கேட்கிற இடம். தேர்வுக்கு முந்தைய வாரம் அவர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து, "கீரைக்கு அப்புறம் கேட்டியா, அது கண்டிப்பா வரும்" என்று பேசிக்கொள்வார்களாம். இதை மைதிலியிடம் சொன்னேன். அவர் கூச்சப்படவில்லை. "அப்ப இனிமே குக்கரை நேரம் தவறாம வைக்கணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீரங்கம் வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நாங்கள் சுவரோரம் நின்றோம். இரங்கல் வீடுகளில் நின்று பழகியவர்கள் நாங்கள், கையை எப்படிக் கட்டிக்கொள்வது என்று தெரியும். அன்று தெரியவில்லை. மாணவர்கள் டவுன் பஸ்ஸில் வந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி உள்ளே நுழைந்தார்கள். ஜோதி, "மேடம் எந்தப் பக்கம்?" என்று மெதுவாகக் கேட்டார். யாரோ அவர் கையைப் பிடித்துத் திருப்பியபோது காதில் மாட்டியிருந்த இயர்போனின் ஒயர் போனிலிருந்து கழன்றது.

கூடத்தில் மைதிலி பேசினார்.

ஜோதி பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வந்த முற்றுரிமைப் பாடம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. தெளிவான, அவசரமில்லாத குரல். போட்டியே இல்லாத ஒரு விற்பனையாளர் தன் விலையை எப்படி நிர்ணயிக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை சமையலறையிலிருந்து ஓடிவந்து நிலைப்படியில் நின்றுவிட்டார். ஜோதி நிறுத்துகிற பொத்தானைத் தேடிப் போனைத் தடவினார். வரதராஜன், "நிறுத்தாதேம்மா. முடிக்கட்டும்" என்றார்.

ஜோதி குரல் வந்த பக்கம் திரும்பி, "காபி சாருங்களா?" என்றார்.

வரதராஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் போனுக்குள்ளிருந்து அவர் குரலே தூரத்தில் கேட்டது, "மைதிலி, காபி ஆச்சா?" மைதிலி வாசிப்பை நிறுத்தாத குரலில், "இந்தப் பத்தி முடியட்டும், வரேன்" என்றார். பத்தி முடிந்தது. பதிவும் முடிந்தது. வரதராஜன் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். சடங்குக்கு வந்திருந்த வாத்தியார் ஸ்வாமி நேரமாகிறது என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஜோதிக்கு ஒரே ஒரு தாள் பாக்கி, பொது நிதி. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி வாய்ப்பு அது. தேறினால்தான் பட்டம், பட்டம் இருந்தால்தான் பள்ளி வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். அந்தப் புத்தகத்தில் கடைசி மூன்று பாடங்களை மைதிலி வாசித்திருக்கவில்லை. தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. ஜோதி என்னிடம் வந்து, "நீங்க வாசிச்சுத் தர்றீங்களா சார்?" என்று கேட்டார். பொருளியலில் என் அறிவு மளிகைக்கடையோடு நின்றுவிடுவது என்றேன். வாசிக்கத் தெரிந்தால் போதும் என்றார்.

உறையூரில் என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு முதல் பாடத்தை வாசித்து அனுப்பினேன். உச்சரிப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. மறுநாள் ஜோதி போன் செய்து, "நல்லாருக்கு சார். ஆனா எங்க இருக்கேன்னே தெரியல" என்றார். ஆகவே இரண்டாவது பாடத்துக்கு அடுப்பில் குக்கரை ஏற்றினேன். அதற்கும் அவர் நன்றி சொன்னார். பிறகு, "சார், இது தானா வந்த விசில் இல்லைங்க. நீங்க வாக்கியத்தை முடிச்சுட்டு விசிலுக்காகக் காத்திருக்கீங்க" என்றார். மூன்றாவது பாடத்தைக் குக்கர் இல்லாமல் வாசித்தேன். அதில் ஓரிடத்தில், மைதிலி கடைசி நாள் காலையில் கொண்டுவந்து காட்டிய, எழுவாயே இல்லாத அந்த வாக்கியம் வந்தது. மைதிலி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. உள்ளபடி வாசித்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: வகுப்பில் கரும்பலகையைக் காட்டி "இதைப் பாருங்கள்" என்று நான் இப்போது சொல்வதில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்கிறேன். பார்வையுள்ள மாணவர்கள் இதை வயதின் கோளாறு என்று நினைக்கிறார்கள்.

ஜோதி தேர்வு எழுதினார். முடிவு சென்ற வாரம் வந்தது, தேறிவிட்டார். மைதிலி வாசித்த பாடங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்லியிருக்கிறார்.