நங்கூரம் நனைக்காத கமாண்டர்

வலது காலை முதலில் நீட்டச் சொல்வார். படகின் பின்விளிம்பில் ஒரு நீல வாளி, அதில் மிதக்கும் பஞ்சு, அவர் தோளில் நான்காக மடித்த மஞ்சள் துணி. ஏற வருகிறவர்கள் செருப்பைத் துறைமேடையிலேயே கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து காலைக் கொடுக்க வேண்டும். ஒடிலோன் மண்டியிட்டுக் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கிப் பஞ்சை இழுப்பார். துணியின் முனையை முறுக்கி விரல் இடுக்குகளில் விடுவார். பிறகு பாதத்தைச் சற்றுத் தூக்கி, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் பார்ப்பார். திருப்தி என்றால் முழங்காலில் ஒரு தட்டு. "ம், அடுத்த கால்." புனித வியாழனன்று பாதம் கழுவும் ஆயர்கூட இத்தனை சிரத்தை எடுப்பதில்லை. ஆயருக்குப் படகின் வெள்ளைத் தளத்தைப் பற்றிய கவலை கிடையாது.

அவர் பயத்துக்கு நியாயம் இல்லாமலில்லை. ஆகஸ்டில் எங்கள் தலைநகர் பிரசீலியாவில் மழை என்பது வெறும் வதந்தி. புல் சருகாகி, மண் எழுந்து நடமாடத் தொடங்கிவிடும். அந்தச் செம்மண் சட்டைக் காலரில் இருக்கும், ரொட்டியில் இருக்கும், பேச வாய் திறந்தால் பல்லில் இருக்கும். ஒடிலோனின் படகில் மட்டும் இருக்காது.

வார நாட்களில் அவர் ஓர் அமைச்சகத்தில் பழைய கோப்புகளைக் காக்கும் பிரிவின் துணைத் தலைவர். அந்தப் பிரிவுக்குத் தலைவரை நெடுங்காலமாக யாரும் நியமிக்கவில்லை. இவரும் கேட்டதில்லை. மேசைமேல் படகின் படம் ஒன்று, கண்ணாடி போட்டு நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் "உங்க குடும்பமா சார்?" என்று மரியாதைக்குக் கேட்டுவிட்டு, குனிந்து பார்த்துத் திகைப்பார்கள்.

படகின் பெயர் 'நெய்ஜி இரண்டு'. நெய்ஜி அவர் மனைவி. ஒன்றாவது நெய்ஜி என்று எந்தப் படகும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இரண்டு என்று எழுதினால் முன்பே ஒன்றை வைத்திருந்த ஆள் என்று நினைப்பார்கள் என்பது ஒடிலோனின் கணக்கு.

"அப்ப ஒண்ணாவது நான்தானா?" என்று பெயர் எழுதிய அன்றே நெய்ஜி கேட்டாள்.

"அப்படியும் வெச்சுக்கலாம்" என்றார் அவர், எழுத்தின் வாலைத் துணியால் ஒற்றியபடி.

ஏரி, மனிதர்கள் அணை கட்டித் தேக்கியது. கடல் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. ஆனாலும் எங்கள் ஏரியில் படகு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கமாண்டர்தான். "கமாண்டர், ஐஸ் இருக்கா?" "இருக்கு கமாண்டர், எலுமிச்சைதான் இல்ல." சனிக்கிழமை காலையில் கிளப்பின் டிராக்டர் கொட்டகையிலிருந்து படகுகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து தண்ணீரில் தள்ளும். ஏழு கமாண்டர்கள் ஏரியின் நடுவுக்குப் போய், படகுகளைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். இதற்குக் கொத்து என்று பெயர். நடுப் படகு நங்கூரம் போடும். இந்தப் பக்கம் மூன்றும் அந்தப் பக்கம் மூன்றும் அதன் விலாவில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இறைச்சி வேகும், பாட்டு அலறும், பியர் திறக்கும், மாலைவரை யாரும் எங்கும் போகமாட்டார்கள்.

"அப்ப படகு எதுக்கு?" என்று ஒருமுறை ஒடிலோனின் மச்சினர் கேட்டார். ஒடிலோன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "போறதுக்கு பஸ் இருக்குல்ல?"

கொத்தில் நடு இடம் என்பது சாதாரணமானதல்ல. அது எப்போதும் அடெர்பாலுடையது. அடெர்பால் பதிவாளர் அலுவலகத்தில் பெரிய ஆள். படகும் பெரிசு, தொப்பையும் பெரிசு, இறைச்சி சுடும் அடுப்பும் அவருடையதுதான். ஒடிலோனுக்கு எப்போதும் கடைசி ஓரம். தன் படகில் அடுப்புக்கும், சிவப்புத் திராட்சை ரசத்துக்கும், வறுத்த மரவள்ளி மாவுக்கும் அவர் தடை விதித்திருந்ததால் யாரும் அங்கே நெருக்கியடித்து உட்கார ஆசைப்பட்டதுமில்லை. அந்த ஓரத்தில் அவர் குளிர்ந்த தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியில் விழுந்த விரல்ரேகைகளை அழித்துக்கொண்டு, பூரண ஆனந்தத்தில் இருந்தார்.

இந்த ஆனந்தத்துக்குத்தான் நெய்ஜி ஜூலையில் முடிவு கட்டினாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். படகு ஓட்டும் உரிமத் தேர்வைத் தனியாக எழுதப் பயந்து ஒடிலோன் அவளையும் இழுத்துக்கொண்டு போக, அவள் முதல் தடவையே தேறினாள், அவர் இரண்டாம் தடவை. அதற்கப்புறம் அவள் சுக்கானைத் தொட்டதில்லை. தொட்டால் ரேகை விழும்.

"கடல் பாக்கப் போலாம்னா படகுக்கு மெருகு போடணும்கிற. எங்கம்மாவப் பாக்கப் போலாம்னா படகு தனியா இருக்கும்கிற. இனி ஒண்ணு அது, இல்ல நான்" என்றாள்.

"நெய்ஜி, கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிக்காத. யோசிச்சா அதத்தான் சொல்லுவ. நான் வித்துடுறேன்."

விளம்பரம் கொடுத்தாள். தார்சீசியோ என்ற பல் டாக்டர் கூப்பிட்டார். சனிக்கிழமை மனைவி மார்லியோடு வந்து தண்ணீரிலேயே பார்க்கிறேன் என்றார்.

வாரம் முழுக்க ஒடிலோனுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைதான் வழி பிறந்தது. குறை சொல்லியே டாக்டரை ஓட வைத்துவிடுவது. அடெர்பாலிடம் திட்டத்தை விளக்கினார்.

"உன்னால முடியாதுடா" என்றார் அடெர்பால். "அந்தப் படகப் பத்தி உன் வாயில கெட்ட வார்த்தை வந்து நான் பாத்ததில்ல."

"வரும். பாத்துட்டே இரு."

சனிக்கிழமை விஷயம் கொத்து முழுக்கப் பரவியிருந்தது. நெய்ஜி இரண்டுக்கு இது கடைசிச் சனியாக இருக்கலாம் என்று அடெர்பாலுக்கு மனசு இளகிவிட்டது. காலையிலேயே ஒரு கோப்பை உள்ளே போயிருந்ததும் காரணம். "இன்னைக்கு நடு இடம் நம்ம ஒடிலோனுக்கு!" என்று எழுந்து நின்று அறிவித்தார். கைதட்டல். ஆறு படகுகள் விலகி வழிவிட, ஒடிலோன் கண்கள் பனிக்க நடுவில் வந்து நின்றார். மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம் கட்டிக்கொண்டன. யாரோ பாட்டை ஏற்றினார்கள்.

டாக்டருக்கும் மார்லிக்கும் கால் கழுவியாயிற்று. நெய்ஜி பின் இருக்கையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒடிலோன் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், ஒளிக்காமச் சொல்லிடுறேன். இஞ்சின் சத்தம் ஜாஸ்தி."

"அப்படியா?"

"ஜாஸ்தின்னா..." ஒடிலோனின் முகம் வாடியது. ஏதோ குழந்தையைக் கிள்ளிவிட்டவர்போல உடனே தடவிக்கொடுத்தார். "அது சத்தம்னு சொல்லக் கூடாது. பூனை தூங்குறப்ப ஒரு உறுமல் வரும் பாருங்க, அந்த மாதிரி."

"நல்லாருக்கே!"

"இருக்கையும் பழசு. பழசுன்னா, இப்ப இந்தத் தையல் எவனும் போடுறதில்ல. தொட்டுப் பாருங்க. ஒரு விரலால."

மார்லி தொட்டுப் பார்த்து மயங்கினாள். பக்கத்துப் படகிலிருந்து அடெர்பால், இறைச்சிக் கம்பியை நீட்டியபடி, "டேய், அவர விரட்டுறியா, மாப்பிள்ளை பாக்குறியா?" என்றார்.

"கமாண்டர், அந்தக் கம்பிய அந்தப் பக்கம் திருப்புங்க. சொட்டுது."

இப்படியே ஒரு மணி நேரம். காற்று கிழக்கிலிருந்து எழுந்து மேசைத்துணிகளைப் பறக்கவிட்டது. ஒடிலோன் ஒன்பதாவது குறையாகத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது மார்லி அண்ணாந்து பார்த்து, "பாலம் பக்கத்துல வந்துடுச்சே" என்றாள்.

பாலம் நடக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. எல்லோரும் திரும்பினார்கள். தூரத்தில் பொம்மைபோல் இருந்த பாலம் இப்போது தலைக்கு மேலே நின்றது. நேர் எதிரே, வீடு பருமனில், ஒரு தூண்.

"நங்கூரம் அறுந்துடுச்சு!" என்று ஒருவர் கத்தினார்.

"யாரோட நங்கூரம்?"

"அடெர்பாலோடது!"

"நான் எங்கடா போட்டேன்? நான் பக்கத்துலதான இருக்கேன். நடுவுல இருக்குறவன்தான் போடணும்!"

ஆறு படகுக்காரர்களும் நடுவைப் பார்த்தார்கள். ஒடிலோன் அடெர்பாலைப் பார்த்தார். நங்கூரம் என்றாலே அவர் மனதில் அடெர்பால்தான். தனக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று அன்றுவரை ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. அவருடைய நங்கூரம் முன்பெட்டிக்குள், கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள், குழந்தைபோல் தூங்கிக்கொண்டிருந்தது.

"அடியில செம்மண் சேறு" என்றார் மெல்ல. "அதத் திரும்ப மேல தூக்கினா தளம் என்னத்துக்கு ஆகும்?"

கமாண்டர்கள் விசாரணையைத் தொடங்கினார்கள். நடு இடம் கொடுக்கலாம் என்று முதலில் சொன்னது யார், நடு இடம் என்றால் என்ன பொறுப்பு என்று தெளிவாக எடுத்துச் சொன்னார்களா, சொல்லியிருந்தால் எப்போது, யார் முன்னிலையில். ஓர் அமைச்சகத்துக்கே போதுமான விஷயம். மேலே பாலத்துக் கைப்பிடியோரம் ஜனங்கள் கூடி, கைபேசியில் படம் பிடித்தார்கள்.

நெய்ஜி எழுந்தாள்.

"தண்ணிக்குள்ள இருக்குறவங்க மேல ஏறுங்க! எல்லாரும்! அடெர்பால், பாட்ட நிறுத்து!"

டீச்சர் குரல். பாட்டு நின்றது. மிதந்துகொண்டிருந்தவர்கள் ஈரத்தோடு அவரவர் படகில் தாவினார்கள். அவள் தலைகளை எண்ணிவிட்டு ஒடிலோனை இடுப்பில் ஓர் இடி இடித்து நகர்த்தி, சாவியைத் திருகினாள். தூங்குகிற பூனை புலியாய் எழுந்தது. ஏழு படகுகளும் ஒரே தெப்பமாய் ஒரு கணம் முனகி நின்று, தூணுக்குக் கையெட்டும் தூரத்தில் தயங்கி, பிறகு அங்குலம் அங்குலமாகக் காற்றுக்கு எதிரே நகர்ந்தன. பாலத்தின்மேல் விசில் பறந்தது.

"மெதுவா, நெய்ஜி, கம்பியப் புடிக்காத, ரேகை..." என்றார் ஒடிலோன்.

"வாய மூடு, ஒடிலோன்."

திறந்த நீருக்கு வந்ததும் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னாள். மற்றவர்கள் தலைகுனிந்து கிளப் பக்கம் திரும்பினார்கள். நெய்ஜி திரும்பவில்லை. ஏரியின் அகன்ற பக்கத்தை நோக்கிப் படகின் மூக்கைத் திருப்பி, வேகக் கைப்பிடியை முன்னே தள்ளினாள். நெய்ஜி இரண்டு தன் வாழ்நாளில் முதல்முறையாக ஓடியது. அலை முன்புறம் ஏறி, தளத்தில் புரண்டு, அவள் கவுனை முழங்கால்வரை நனைத்து, ஒடிலோனின் மஞ்சள் துணியைத் தோளிலிருந்து அடித்துக்கொண்டு போயிற்று. அவளுடைய கொண்டை அவிழ்ந்தது. அவள் அதைத் திரும்பக் கட்டவில்லை. வடகோடி நாணல் வரை போய், அங்கே படுத்திருந்த, பன்றி பருமனுள்ள காப்பிபாரா எலிக் குடும்பத்தை எழுப்பிவிட்டு, ஒரு பெரிய வட்டம் அடித்துத்தான் திரும்பினாள். மார்லி வாய்விட்டுக் கூவினாள். டாக்டர் ஒடிலோனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "முடிவு பண்ணிட்டேன், இது எனக்குத்தான்!" என்றார். ஒடிலோன் முகத்தில் தெறித்திருந்தது எல்லாம் ஏரித் தண்ணீர் என்று சொல்ல முடியாது.

துறையில் இறங்கியதும் அவர் மண்டியிட்டுத் தளத்தைத் துடைக்கத் தொடங்கினார். விருந்தாளிகளைக் காரடிவரை கொண்டுபோய்விட நெய்ஜிதான் போனாள்.

மறுநாள் காலை டாக்டர் கூப்பிட்டார். வேண்டாமாம். காரணம் சொல்லவில்லை; ரொம்ப வருத்தம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். நெய்ஜி காப்பியைக் கலக்கியபடி, "சரி, வேற ஆள் வரட்டும்" என்றாள். விளம்பரத்தை அவள் மறுபடி கொடுக்கவில்லை, அவர் கேட்கவுமில்லை.

அன்றிலிருந்து ஒடிலோன் வேறு மனிதர். அலுவலகத்திலும், கொத்திலும், முடிவெட்டும் கடையிலும் ஒரே கதைதான். "குறை சொல்றதுலயும் ஒரு வித்தை இருக்கு, தெரியுமா? மேல புகழ்ற மாதிரி இருக்கணும், உள்ள குத்தணும். மனுஷன் படிச்சவன், பல் டாக்டரு. ராத்திரி தூக்கமில்லாம யோசிச்சிருக்கான். காலையில ஓடிட்டான்." அடெர்பால், "ஆமா கமாண்டர், நாங்கதான் பாத்தோமே" என்று அடுப்பை விசிறுவார். நடு இடம் மறுபடி அடெர்பாலுக்கே போய்விட்டது.

டாக்டர் பின்வாங்கிய காரணம் கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் தெரியவந்தது. ரொட்டிக்கடை வரிசையில், மார்லி கொத்துக்காரர் ஒருவரிடம் வெகு அனுதாபத்தோடு, "பாவம், அந்தப் படகுக்கு ஓட்டைய அடைச்சாங்களா?" என்று விசாரித்தாள். எந்த ஓட்டை என்று அவர் கேட்டதற்கு அவள் சொன்னாள்: அன்று காருக்குப் போகிற வழியில் நெய்ஜி இருவரையும் நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தளத்தில் புரண்டது அலை மட்டுமல்ல, அடியில் ஒழுகுகிறது, புருஷன் மறைக்கிறார், உங்களை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை என்றாளாம். டாக்டர் நம்பாமல் சிரித்திருக்கிறார். நெய்ஜி குனிந்து, தன் கவுனின் ஓரத்தை இரண்டு கையாலும் அள்ளி, அவர் காலணிமேல் சொட்டச் சொட்டப் பிழிந்து காட்டினாளாம்.